வேலை போனபின் வரவேண்டிய பணம்: கடைசி நாள் கையெழுத்தில் இருக்கிறது பாதி முடிவு

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) என்ற வரிக்கு நேரே மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடித்திருப்பார்கள். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அது 113 ரூபாய். அதை ஆஸ்பத்திரிக்குப் போகும் பணம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பிரசவம், காய்ச்சல், மெஷினில் கை சிக்கியது என்றால் இ.எஸ்.ஐ. கார்டைத் தேடி எடுப்பார்கள். அதே 113 ரூபாய்க்குள் வேலை போனால் மூன்று மாதம் வரை பாதிச் சம்பளம் கேட்கும் உரிமையும் இருக்கிறது. ஒரகடத்திலும் அம்பத்தூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் மிகப் பலருக்கு இது தெரியாது.

தெரிந்து விண்ணப்பிப்பவர்களும் வழியில் தடுக்கி நிற்கிறார்கள். தடுக்கும் இடம் இ.எஸ்.ஐ. அலுவலகத்தின் ஜன்னல் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது அதற்கு முன்பே, கம்பெனியில் கடைசி நாளன்று முடிந்துபோன விஷயம். அந்த நாளில் தொழிலாளி எதில் கையெழுத்துப் போட்டார், கம்பெனி கணினியில் எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுத்தது என்ற இரண்டும்தான் பிறகு வரும் பணத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று பார்த்துவிடலாம். தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948-இல் வந்தது. தமிழ்நாட்டில் திட்டம் 1955-இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. ஆனால் வேலையிழப்புக்கு உதவித்தொகை என்பது அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 2005 ஏப்ரல் 1 முதல்தான் சேர்ந்தது. அது ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. தொழிற்சாலை மூடப்பட்டால், ஆள்குறைப்பில் வேலை போனால், அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டால் இந்தத் தொகை உண்டு. இப்போது அதிகபட்சம் 24 மாதங்கள்: முதல் 12 மாதங்களுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதங்களுக்குக் கால் பங்கு. தாராளமான திட்டம்தான். ஆனால் சட்டப்படி மூடல், சட்டப்படி ஆள்குறைப்பு என்று காகிதத்தில் நிரூபணம் வேண்டும். நம் ஊரில் கம்பெனிகள் அப்படி ஒழுங்காக மூடுவதில்லை, ஒழுங்காக ஆளைக் குறைப்பதும் இல்லை. அதனால் இந்தக் கதவு பலருக்குத் திறப்பதே இல்லை.

இரண்டாவது, 2018 ஜூலை 1-இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. முதலில் இரண்டு ஆண்டு சோதனைத் திட்டம். சராசரி ஊதியத்தில் 25 சதவீதம், வாழ்நாளில் மொத்தம் 90 நாட்களுக்கு. வேலை போய் மூன்று மாதம் கழித்துத்தான் கேட்க முடியும், அதுவும் பழைய முதலாளி வழியாக. வேலையைவிட்டு அனுப்பியவரிடமே போய் நின்று, எனக்கு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்க எத்தனை பேரால் முடியும்?

கொரோனா ஊரடங்கில்தான் இது மாறியது. 2020 ஆகஸ்டில் இ.எஸ்.ஐ. கழகம் தொகையை 50 சதவீதமாக்கியது. 30 நாள் கழிந்ததும் கேட்கலாம், முதலாளியின் பரிந்துரை தேவையில்லை, நேரடியாகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில், விண்ணப்பத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்ற நிபந்தனையும் போனது. எல்லாமே சரியான சீர்திருத்தங்கள். ஆனால் திட்டம் நிரந்தரமாக்கப்படாமல் குறிப்பிட்ட காலத்துக்கு என்று நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. அதனால் விண்ணப்பிக்கும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா, எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதைக் கிளை அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். ஒரு தொழிலாளியின் காப்பீட்டு உரிமை தேதி பார்த்து நடப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் சந்தாவுக்கு அப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை, மாதம் தவறாமல் பிடிக்கிறார்கள்.

தகுதி என்னவென்றால், வேலை போவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வேலையில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. ஆண்டை ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரிக்கிறது. வேலை போனதற்கு நேர் முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கும் முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாட்கள் வேண்டும். நவம்பர் 2024-இல் வேலை போனவருக்கு 2024 ஏப்ரல்–செப்டம்பர் கணக்கை முதலில் பார்ப்பார்கள்.

இனி விஷயத்தின் நடுப்பகுதி. தானாக வேலையை விட்டவருக்கு, விருப்ப ஓய்வில் போனவருக்கு, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கு இந்தத் தொகை கிடையாது. கதவடைப்பும் சட்டவிரோதம் என அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தமும் கணக்கில் வராது. இந்தப் பட்டியலில் முதல் வரிதான் அதிகம் பேரை வெளியே தள்ளுகிறது.

அது எப்படி நடக்கிறது என்பது தொழிற்பேட்டைகளில் எல்லோருக்கும் தெரியும். ஷிப்ட் முடியும் நேரம் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள். மேசையில் ஒரு தாள் தட்டச்சு செய்து தயாராக இருக்கும். "எனது சொந்தக் காரணங்களுக்காக இன்று முதல் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். நிர்வாகத்திடமிருந்து எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை." கீழே பெயர், டோக்கன் எண், தேதிக்கு இடம். "கையெழுத்துப் போட்டுடுங்க, செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும். இல்லேன்னா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் குடுக்க முடியாது" என்பார் எதிரே இருப்பவர். வீட்டு வாடகையும் அடுத்த வேலையும் மனதில் ஓட, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

கம்பெனி ஏன் இப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். இ.எஸ்.ஐ. உதவித்தொகையில் கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. அது காப்பீட்டுக் கழகத்தின் நிதியிலிருந்து வருவது. கம்பெனி தவிர்க்க நினைப்பது வேறொன்றை. பழைய தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவின்படி ஆள்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகவும் தர வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த அளவு அப்படியே தொடர்கிறது. ராஜினாமா என்றால் இதெல்லாம் வேண்டாம். ஆக, கம்பெனி தன் இழப்பீட்டை மிச்சம் பிடிக்க வாங்கும் கையெழுத்து, கம்பெனிக்கு எந்தச் செலவும் வைக்காத இ.எஸ்.ஐ. பணத்தையும் தொழிலாளியிடமிருந்து சேர்த்துப் பறித்துவிடுகிறது. ஹெச்.ஆரில் இருப்பவர்களில் பலருக்கே இந்தப் பின்விளைவு தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தால் சிலராவது வேறு மாதிரி நடந்துகொள்வார்கள்.

பெரிய அளவில் நடந்தாலும் இதே கதைதான். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்துவதற்கு முன்பே, அதே ஆண்டில் அங்கிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். ஆலை மூடப்போகிறது என்று தெரிந்த பிறகு எடுக்கும் ஓய்வு எவ்வளவு விருப்பமானது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பதிவேட்டில் அது விருப்ப ஓய்வு. கையில் வரும் மொத்தத் தொகை பெரிதாக இருந்தால் அது நல்ல முடிவாகவும் இருக்கலாம். அதை எடுக்கும்போது எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

தாளுக்கு இணையாக இன்னொரு பதிவும் நடக்கிறது, தொழிலாளியின் கண்ணில் படாமல். ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். ஒருவருக்கு அந்த மாதம் வேலை நாள் பூஜ்யம் என்றால் ஏன் என்று இ.எஸ்.ஐ. தளத்தில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுப்பு, வேலையைவிட்டுப் போய்விட்டார், ஓய்வு, வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு, ஆள்குறைப்பு, வேலை இல்லை என்று வரிசையாக இருக்கும். கணக்குப் பிரிவில் இருப்பவர் பழக்க தோஷத்தில் "வேலையைவிட்டுப் போய்விட்டார்" என்பதைச் சொடுக்கிவிட்டுப் போவார். ஆள்குறைப்பு என்ற சொல்லும் அதே பட்டியலில், கொஞ்சம் கீழே இருக்கிறது. கிளை அலுவலகம் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும்போது இந்தப் பதிவு எதிரே வந்து நிற்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: ராஜினாமாக் கடிதம் கேட்டால் உடனே எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வேலையைவிட்டு நிறுத்துவது நிர்வாகம் என்றால் அதை அவர்களையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், நடந்ததைச் சொல்லி நீங்களே ஒரு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்பிவிடுங்கள்: இந்தத் தேதியில் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டேன், நான் விலகவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். கையெழுத்துப் போட்டே ஆகவேண்டிய நெருக்கடி வந்தால் "சொந்தக் காரணம்" என்ற சொல்லை அடித்துவிட்டு "நிர்வாகம் கேட்டுக்கொண்டதால்" என்று எழுதி, தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எல்லாமே ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் கிளை அலுவலகத்திலோ தொழிலாளர் துறையிலோ நிற்கும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

திருப்பூரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது பனியன் ஆர்டர்கள் அடிவாங்கின. ஆர்டர் குறைந்தால் அங்கே யாரும் யாரையும் நீக்குவதில்லை. "ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம், ஊருக்குப் போயிட்டு வாங்க" என்பார்கள். அப்படிப் போனவர் வேலையில் இருப்பவரும் இல்லை, வேலை இழந்தவரும் இல்லை. வேலை போன தேதி என்று ஒன்று இல்லாததால் 30 நாள் எங்கிருந்து ஓடும் என்பதே தெரியாது. தற்காலிக வேலை மறுப்பு (லே-ஆஃப்) என்று சட்டத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் ஓராண்டு முடித்தவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி தர வேண்டும். பீஸ் ரேட்டில், கான்ட்ராக்டர் பெயரில் ஓடும் யூனிட்டுகளில் அதை யார் கேட்பது? மாதாமாதம் கான்ட்ராக்டர் மாறும்போது சந்தாக் கணக்கும் துண்டு துண்டாகிவிடுகிறது. இ.எஸ்.ஐ. தளத்தில் தன் பத்து இலக்க எண்ணை வைத்து நுழைந்து, எந்தெந்த மாதம் எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று வேலையில் இருக்கும்போதே பார்த்து வைப்பது இவர்களுக்கு மிக அவசியம்.

தொகை எவ்வளவு வரும்? இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் பெற்ற மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுத்து, அதில் பாதியை ஒரு நாள் தொகையாக எடுக்கிறார்கள். மாதம் 15,000 ரூபாய் வீதம் 24 மாதம் விடாமல் வாங்கியவருக்கு மொத்தம் 3,60,000. நாளுக்கு 493 ரூபாய், பாதி 246 ரூபாய் சொச்சம். 90 நாளுக்குச் சுமார் 22,190 ரூபாய். வகுக்கும் எண் வேலை செய்த நாட்கள் இல்லை, காலண்டரின் இரண்டு முழு ஆண்டுகள். இடையில் சம்பளமில்லா விடுப்பில் போன ஒவ்வொரு நாளும் தொகையைக் குறைக்கும். கையில் 15,000 வாங்கினாலும் இ.எஸ்.ஐ. கணக்கில் 11,000 என்றே காட்டியிருந்தால் வருவது சுமார் 16,270 ரூபாய்தான். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் பிடித்தம் குறையும், கையில் கூட வரும் என்று சொல்லும் கம்பெனிகள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

விண்ணப்பம் இணையத்தில். ஏபி-1 படிவத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஆதார் நகலும் வங்கி பாஸ்புக் நகலும் சேர்த்துக் கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறும். முன்கூட்டி, வரப்போகும் மாதங்களுக்குச் சேர்த்துக் கேட்க முடியாது, கழிந்த நாட்களுக்குத்தான். 2020 அறிவிப்பின்போது 15 நாளில் தீர்வு என்று அமைச்சர் சொன்னார். அதை அப்படியே நடப்பதாக வைத்துக்கொண்டாலும், முதல் 30 நாளைக் கூட்டினால் முதல் பணம் வர ஒன்றரை மாதம். அதற்குள் இரண்டு வாடகை, ஒரு பள்ளிக் கட்டணம், மைக்ரோ பைனான்ஸ் வாரத் தவணைகள் வந்து போய்விடும். பாதிச் சம்பளம் என்ற உதவி பாதி கடனுக்கு வட்டியாகப் போவது இதனால்தான். காத்திருக்கும் இந்த முதல் மாதத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. வேறு வேலை கிடைத்துவிட்டால் சந்தாப் பதிவே காட்டிக்கொடுத்துவிடுமே.

காத்திருக்கும் காலத்தில் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். வேலை போனதும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக் கதவு மூடிவிடுவதில்லை. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டிய சந்தாவுக்கான பயன்காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. உதவித்தொகை வாங்கும் நாட்களிலும் மருத்துவம் உண்டு. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரத் தேவையில்லை.

உண்மையில் நம் ஊரில் வேலை போனவரைத் தாங்குவது பி.எஃப். பணம்தான். அது உதவித்தொகை இல்லை, அவருடைய முதுமைச் சேமிப்பு. வேறு வழியில்லாமல் அதை உடைக்கிறோம். 2018 டிசம்பர் விதிப்படி ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தால் 75 சதவீதம், இரண்டு மாதமானால் முழுவதும் எடுக்கலாம். 2025 அக்டோபர் 13-இல் கூடிய பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது: 75 சதவீதம் உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், பென்ஷன் பங்கை எடுக்க 36 மாதம். உடனே 75 சதவீதம் என்பது நல்லது. மீதியை ஓராண்டு நிறுத்தி வைப்பதில் முதுமைக்கான அக்கறை இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் வேலையின்மைக் காப்பீடு சரியாக இருக்கும் நாட்டில்தான் சேமிப்பைத் தொடாதே என்று சொல்ல முடியும்.

பி.எஃப். விண்ணப்பம் நிராகரிக்கப்படும் காரணங்களில் நமக்கே உரியது இனிஷியல். ஆதாரில் "க. முருகன்", பி.எஃப். கணக்கில் "முருகன் க", வங்கியில் "முருகன் கந்தசாமி". மூன்றும் ஒரே ஆள் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் வழியாக யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணைப் பெற்றவர்கள் பெயர், பிறந்த தேதித் திருத்தங்களைக் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் தாங்களே செய்துகொள்ளலாம். அதற்கு முந்தையவர்களுக்கு இன்னும் கம்பெனியின் தயவு தேவைப்படலாம். வேலையில் இருக்கும்போதே சரிசெய்துவிடுவது எவ்வளவோ மேல். அடுத்த காரணம், கம்பெனி வேலையைவிட்ட தேதியைப் பதியாமல் விடுவது. கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழிந்தால் உறுப்பினரே அதைப் பதியலாம். 2020 முதல் அந்த வசதி இருக்கிறது.

ஐந்து ஆண்டுக்குக் குறைந்த சேவையில் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் வரி பிடிப்பார்கள். வருமானம் வரி வரம்புக்குள் வராதவர் சுய அறிவிப்புப் படிவம் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தவிர்க்கலாம். பென்ஷன் பங்கை 10சி படிவத்தில் எடுப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: பத்து ஆண்டு சேவைக்குத்தான் மாத ஓய்வூதியம். எட்டு ஆண்டு முடித்தவர் உடனே கையில் வரும் தொகைக்காக அதை எடுத்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பணமாக வாங்காமல் சேவைச் சான்றிதழாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தாமதமானால்? குறையில்லாத விண்ணப்பத்தை 20 நாளில் தீர்க்க வேண்டும் என்று பி.எஃப். திட்டத்தின் 72(7) பத்தி சொல்கிறது. தக்க காரணமின்றித் தாமதித்தால் 12 சதவீத வட்டி, அதையும் ஆணையரின் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம். குறைதீர் தளத்தில் புகார் எழுதும்போது இந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "பணம் இன்னும் வரவில்லை, தயவுசெய்து உதவவும்" என்று எழுதுவதைவிட அதற்கு எடை அதிகம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகையைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. பதிவு செய்து ஐந்து ஆண்டாகியும் வேலை கிடைக்காத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத இளைஞர்களுக்கானது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். ஆலையில் வேலை இழந்தவருக்கு இதில் இடமில்லை.

21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை. இந்த வரம்பு 2017 ஜனவரி 1-இல் வைத்தது. ஒரே ஒரு இன்க்ரிமென்ட் வாங்கி அந்தக் கோட்டைத் தாண்டியவர் வேலையின்மைக் காப்பீட்டையும் சேர்த்து இழக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரே மின்னஞ்சலில் வேலை இழக்கும் ஐ.டி. ஊழியருக்கு நோட்டீஸ் காலச் சம்பளத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வேலை இழந்தவர் வேறு திறன் கற்க ஒரு மறுதிறன் நிதியைக் கொண்டுவந்திருக்கிறது. ஆள்குறைப்பு செய்யும் முதலாளி, தொழிலாளி கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் அளவை அந்த நிதியில் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். ராஜினாமா என்று பதிவானவருக்கு அந்த 15 நாளும் கிடையாது. ஆக, சட்டம் புதிதாக எதைச் சேர்த்தாலும் தொழிற்பேட்டையில் அதே ஒரு தாள் அதை மறிக்கிறது.

இதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் தேவைப்படாது. ஒரு தொழிலாளியின் எண்ணுக்கு எதிரே கம்பெனி "வேலையைவிட்டுப் போய்விட்டார்" என்று சொடுக்கிய அன்றே, அவருடைய கைப்பேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகலாம்: உங்கள் நிறுவனம் இப்படிப் பதிந்திருக்கிறது, இது உண்மையில்லை என்றால் 30 நாளுக்குள் பதில் அனுப்புங்கள். மறுத்துப் பதில் வந்தால், அவர் தானாகத்தான் விலகினார் என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைக்கலாம். எண்ணும் கைப்பேசியும் வங்கிக் கணக்கும் ஏற்கனவே கழகத்தின் கையில் இருக்கின்றன. காத்திருக்கும் முதல் 30 நாளும் அந்தச் சரிபார்ப்பிலேயே கழிந்துவிடும்.